பச்சைக்கதவுக்காரியோடு சண்டை

இரும்புக்கதவு வீட்டுக்கு இரும்புக் கதவு வந்ததே ஒரு மானப் பிரச்சினையால்தான். அதற்கு முன்னால் அங்கே மரக்கதவு இருந்தது. செய்தவர் பக்கத்துப் பச்சைக்கதவு வீட்டுத் தச்சர். ஒரு மழைக்காலத்தில், ரயில்வே மேலதிகாரி ஒருவர் மரியாதை நிமித்தம் அந்த வீட்டு ஸ்டேஷன் மாஸ்டரைப் பார்க்க வீடு தேடி வந்த அன்று, அந்தக் கதவு ஊறிப்போய் நிலையோடு இறுகிக்கொண்டது. அதிகாரி வெளியே குடையோடு நிற்கிறார். ஸ்டேஷன் மாஸ்டர் உள்ளே கோட்டும் தொப்பியுமாகக் கதவை உதைக்கிறார். கடைசியில் தச்சரே வந்து ஜன்னல் கம்பிகளைக் கழற்றி அவரை வெளியே எடுத்தார். கால் முதலில் வந்தது; தலை அப்புறம் வந்தது. வாழ்நாளெல்லாம் ரயில்களைக் கொடி காட்டி நிறுத்திய மனிதரைத் தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. பின்னால் அந்தத் தச்சர் போய்ச் சேர்ந்தார். அதிகாரியும் போய்ச் சேர்ந்தார். கதவு அடுப்பில் எரிந்து சாம்பலாகிப் பல காலம் ஆயிற்று. பகை மட்டும் திடகாத்திரமாக இருந்தது. பராமரிப்பு அப்படி.

இந்த வீட்டுக்கு வந்த மருமகளுக்கு, சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது, மாமனாரின் கோட்டை எப்படி மடிக்க வேண்டும், பச்சைக்கதவு வீட்டுப் பக்கம் எப்படித் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதெல்லாம் முதல் நாளே சொல்லப்பட்டுவிட்டன. மருமகளும் சாதாரண இடத்திலிருந்து வந்தவள் அல்ல. வாழ்க்கைப்பட்ட வீட்டின் நாற்காலியைத் தன் நாற்காலி என்று துடைக்கிறவள், அந்த வீட்டின் பகையையும் தன் பகை என்றுதான் துடைத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பச்சைக்கதவு வீட்டில் தச்சரின் மகனைக் கட்டிக்கொண்டு ஒரு ஒல்லிக்குச்சிப் பெண் வந்தபோது, அவளுக்கும் அந்தப் பக்கம் இதே பாடம் நடந்திருக்க வேண்டும். இருவரும் கொல்லைப்புறச் சுவரின் இரு பக்கமும் நின்று ஜாடை பேசினார்கள். நேராகப் பேசினால் பேசியதாகிவிடும் அல்லவா? அதனால் மருமகள் வாளியிடம் சொல்வாள், ஒல்லிக்குச்சி துடைப்பத்திடம் பதில் சொல்வாள். வாளியும் துடைப்பமும் கேட்காத வசை அந்தத் தெருவில் கிடையாது.

பிறகு போர் வந்தது. எதற்கு வந்தது என்பதைப் பெரியவர்கள் வானொலியில் விளக்கினார்கள். விளக்கம் நன்றாகத்தான் இருந்தது, கேட்டவர்களுக்குத்தான் புரியவில்லை. இரும்புக்கதவு வீட்டு மகனையும் பச்சைக்கதவு வீட்டுத் தச்சனையும் ஒரே நாளில், ஒரே லாரியில், பாண்டு வாத்தியத்தோடு ஏற்றிப் போனார்கள். இருவரும் லாரியின் எதிரெதிர் மூலைகளில் உட்கார்ந்து போனார்கள். எதிரி யார் என்பதில் அவர்களுக்கு அப்போதே தெளிவு இருந்தது.

சில மாதம் கழித்து, வீட்டுக்கு ஒரு பெண் ராணுவத்துக்குக் கூடாரம் தைக்க வர வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நம்ம வீட்டுப் பொம்பளைங்க கூலிக்குத் தைக்கப் போறதில்ல. போய்ச் சொல்லிடு."

"யாருகிட்ட மாமா சொல்றது?"

"யாரு கேக்கறாங்களோ அவங்ககிட்ட."

மறுநாள் கேட்கிறவர்கள் துப்பாக்கியோடு வந்து, வராதவர் வீட்டுக்கு ரொட்டி கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "தேசம் கூப்பிடுது. வீட்டுல உக்காந்திருந்தா அதுதான் கேவலம். கிளம்பு."

வேலை நடந்த இடம் ஒரு பழைய நாடகக் கொட்டகை. நாற்காலிகளைப் பிடுங்கிவிட்டுத் தையல் மெஷின்களைப் போட்டிருந்தார்கள். தரை பின்னாலிருந்து மேடையை நோக்கிச் சரிந்து இறங்கும். யார் கையிலிருந்து நூல்கண்டு நழுவினாலும் அது உருண்டு உருண்டு நேராக மேடைக்குக் கீழே போய் நிற்கும். மேடையில் மேஜை போட்டு சூப்பர்வைசர் உட்கார்ந்திருப்பார். நழுவவிட்டவள் எல்லோரும் பார்க்க நடந்து போய் அதை எடுத்து வர வேண்டும். இதைவிடச் சிக்கனமான கண்காணிப்பை எந்த அரசாங்கமும் கண்டுபிடித்ததில்லை.

கூடாரத் துணி சாதாரணத் துணியல்ல, முரட்டுக் கித்தான். நனைந்த மாடு மாதிரி கனக்கும். ஒருத்தியால் தைக்க முடியாது. ஒருத்தி மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து துணியைத் தள்ளிக் கொடுக்க, இன்னொருத்தி எதிரே நின்று அதே வேகத்தில் இழுக்க வேண்டும். இழுப்பு பிந்தினால் ஊசி உடையும். முந்தினால் தையல் கோணும். சூப்பர்வைசர் ஒரே தெருக்காரர்களை ஒரே மெஷினில் போட்டார். வருவதும் போவதும் சேர்ந்து நடக்கும், பேச்சுத் துணை இருக்கும் என்று அந்தப் புண்ணியவான் நினைத்தார்.

முதல் நாள் அரை நாள் மௌனமாகப் போயிற்று. இரண்டு ஊசி உடைந்தது. மருமகளுக்குப் பொறுக்கவில்லை. மெஷினைப் பார்த்துச் சொன்னாள்:

"இழுக்கும்போது நேரா இழுத்தா என்னவாம்? கை கோணலா, கண்ணு கோணலா?"

மெஷின் பதில் சொல்லவில்லை. பச்சைக்கதவுக்காரி நூல்கண்டைப் பார்த்துச் சொன்னாள்: "தள்ளறவங்க தூங்கிக்கிட்டே தள்ளினா இழுக்கறவ என்ன பண்ணுவா? பெரிய வீட்டுத் தூக்கம் போலிருக்கு."

"எங்க வீட்டுல தூங்கிக்கிட்டே தச்சாலும் தையல் நேரா போகும்."

"ஆமா, நேரா வந்து என் விரல் மேல ஏறும்."

சூப்பர்வைசர் மேடையிலிருந்து எழுந்து வந்தார். "யாருகிட்ட பேசறீங்க ரெண்டு பேரும்?"

"மெஷின்கிட்ட" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். பிறகு, சேர்ந்து பேசிவிட்ட அவமானத்தில், ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

இப்படியே வாரங்கள் போயின. மெஷின் இருவருக்கும் பொதுவான ஊமைச் சொந்தக்காரனைப் போல எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது. ஆனால் கித்தானுக்கு வீட்டுப் பகை தெரியாது. நாளெல்லாம் ஒரே துணியின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டிருந்தால், எதிரே நிற்பவள் மூச்சு வாங்குவது கைக்கே தெரிந்துவிடும். அவளுக்குத் தோள் வலிக்கிறது, இன்று சாப்பிடாமல் வந்திருக்கிறாள் என்பதெல்லாம் கேட்காமலே தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பது பெரிய வீட்டுப் பயிற்சி. மருமகள் அதில் தேர்ந்தவள். வேகத்தைக் கொஞ்சம் குறைப்பாள். குறைத்துவிட்டு, "இந்த மெஷினுக்கு இன்னிக்கு எண்ணெய் போடலை" என்று மெஷினையே திட்டுவாள்.

ஒருநாள் அந்தத் தேர்ந்தவள் ஒரு பெரிய காரியம் செய்தாள். புருஷனைப் பற்றி ஏதோ யோசனையில், கூடாரத்தின் வாசல் மடிப்பை ஓரத்தோடு சேர்த்து முழுக்கத் தைத்துவிட்டாள். உருப்படியான, கெட்டியான, வாசலே இல்லாத கூடாரம். அந்தக் கொட்டகையில் ராணுவப் பொருளைக் கெடுத்தவளை மேடையில் ஏற்றி நிறுத்தி, எந்த வீடு என்று சொல்லி, செய்ததை எல்லோருக்கும் விரித்துக் காட்டுவார்கள். இரும்புக்கதவு வீட்டு மருமகள் மேடையில் நிற்பதை அவள் கற்பனை செய்து பார்த்தாள்.

பச்சைக்கதவுக்காரி துணியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, மயக்கம் வருகிறது என்று முனகிக்கொண்டே அந்தக் கித்தான் மேலேயே உட்கார்ந்தாள். சூப்பர்வைசர் எட்டிப் பார்த்துவிட்டு, பெண்கள் சமாச்சாரம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லோரும் போய்விட்டார்கள். அவள் மெஷினுக்கு அடியில் குனிந்து, பல்லாலும் ஊசி முனையாலும் ஒவ்வொரு தையலாகப் பிரிக்க ஆரம்பித்தாள். மருமகள் மறு முனையிலிருந்து பிரித்து வந்தாள். நடுவில் சந்தித்தபோது பச்சைக்கதவுக்காரி தலையைத் தூக்கினாள். நூலையும் பார்க்கவில்லை, மெஷினையும் பார்க்கவில்லை. மருமகளின் முகத்தைப் பார்த்தாள்.

"கதவுன்னாலே உங்க வீட்டுக்கு ஆகாது போலிருக்கே அக்கா."

மருமகள் சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் வாழ்க்கைப்பட்ட பிறகு அவ்வளவு சத்தமாக அவள் சிரித்ததில்லை. சிரித்த பிறகுதான், தலைமுறைப் பகை ஒன்று தன் கண்ணெதிரே செத்து விழுந்துவிட்டது என்று உறைத்தது. பரவாயில்லை, துக்கம் விசாரிக்க யாருக்கும் நேரமில்லை.

அதற்கப்புறம் ஒருத்தி ரொட்டியில் இன்னொருத்தி பங்கு எடுத்தாள். ஆனால் தெருவுக்குள் நுழையும்போது ஆளுக்கொரு ஓரமாக நடந்தார்கள். மாமனாருக்குத் தெரிந்தால் ரொட்டி போனாலும் போகட்டும் என்று வீட்டில் உட்கார வைத்துவிடுவார். அதனால் சண்டை நிற்கக் கூடாது. மறுநாள் சுவரோரம் போடப்போகும் சண்டையை முதல் நாளே மெஷினடியில் பேசி முடிவு செய்துகொண்டார்கள்.

"நாளைக்கு என்ன அக்கா திட்டட்டும்? மாமாவோட மூக்க எடுத்துக்கட்டுமா?"

"மூக்கு வேணாம். அது குடும்ப மூக்கு. எங்க வீட்டுக்காரருக்கும் அதேதான்."

"சரி, நடையைப் பத்தி சொல்றேன். கொக்கு சேத்துல நடக்கற மாதிரின்னு."

"அத நானே பல தடவை நினைச்சிருக்கேன். சொல்லு. நான் உன் சமையலைப் பத்தி ஆரம்பிக்கறேன்."

"சமைக்கறதுக்கு என்ன இருக்கு வீட்டுல, அத வேற திட்டப் போறீங்களா?"

இப்படி ஒரு குறையும் இல்லாமல் போர் நடந்துகொண்டிருந்தபோது, ஒருநாள் காலையில் பச்சைக்கதவுக்காரி துணியை இழுத்துக்கொண்டே, தலை தூக்காமல் சொன்னாள்:

"அவரு வந்துட்டாரு அக்கா."

"யாரு?"

"எனக்கு எத்தனை பேரு இருக்காங்க?"

"லீவா?"

"லீவு குடுக்க அங்க யாரும் இல்லையாம். அதிகாரிங்க முந்தின நாளே கார்ல போயிட்டாங்களாம். பாலத்தைக் காவல் காக்கச் சொல்லிட்டுப் போனாங்களாம். பாலம் போயிடுச்சு. காவலுக்கு நின்னவங்களும் போயிட்டாங்க. இவரு நடந்தே வந்திருக்காரு. ஒரு காது கேக்கல. ஓயாம இருமறாரு."

அதிகாரிகள் காரில் திரும்பினால் அதற்குப் பெயர் போர்த் தந்திரம். தச்சன் கால்நடையாகத் திரும்பினால் அதற்குப் பெயர் ஓட்டம். அதற்குச் சுவரோரம் நிறுத்திச் சுடுவார்கள். கார் இல்லாதது அவன் குற்றம்.

மருமகள் துணியைத் தள்ளுவதை நிறுத்தவில்லை. ஆனால் அன்று முழுக்க அவளிடமும் பேசவில்லை, மெஷினிடமும் பேசவில்லை. தன் புருஷன் எங்கேயோ நிற்கிறான். அவன் பக்கத்தில் நின்றிருக்க வேண்டியவன் பச்சைக்கதவு வீட்டுப் பரணில் படுத்திருக்கிறான். இதை விழுங்க ஒரு இரும்புக்கதவு வீட்டு மருமகளின் தொண்டைக்கு முடியவில்லை. மறுநாளும் பேசவில்லை. பச்சைக்கதவுக்காரியும் கெஞ்சவில்லை. "உங்க மனசுல என்ன தோணுதோ அத பண்ணுங்க அக்கா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள்.

அந்த வாரம் கிழிந்த கூடாரங்கள் தைப்பதற்காகத் திரும்பி வந்தன. மேடைக்கு முன்னால் கொட்டினார்கள். புகை நாற்றமும் வேறு ஒரு நாற்றமும் அடித்தன. ஆளுக்கொன்று இழுத்து வந்து விரித்தார்கள். மருமகள் விரித்ததில் நடுத்துணியே இல்லை, கருகிப்போயிருந்தது. ஓரத் தையல் மட்டும் ஒரு நூல் விடாமல் வளையமாக நின்றது. தையலைப் பார்த்ததும் இருவருக்கும் தெரிந்தது, அது தங்கள் மெஷின் தையல் என்று. சூப்பர்வைசர் வந்து பார்த்துவிட்டு, "பாருங்க, என்ன கெட்டியான வேலை! இப்படித்தான் தைக்கணும்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி பாராட்டினார். உள்ளே படுத்திருந்தவர்களின் அபிப்பிராயம் கேட்கப்படவில்லை.

மருமகள் அந்த வளையத்தை மடித்து வைத்தாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"பரண்ல வெக்காதேடி. தூசிக்கு இருமல் ஜாஸ்தியாகும். அடுப்படிக்குப் பின்னால மறைச்சு வை. எங்க கொல்லைப் பக்கம்தான் இருமல் கேக்கும். அத நான் பாத்துக்கறேன்."

அப்படியே பார்த்துக்கொண்டாள். அடுத்த நாளிலிருந்து, சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் ஆரம்பித்தவுடன் இந்தப் பக்கம் சண்டை ஆரம்பமாகும். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தால் அதை விட்டுவிட்டு ஓடிவந்து, "ஏண்டி, உன் வீட்டுச் சாக்கடை தண்ணி எங்க வீட்டுல வந்து விருந்தாடணுமா?" என்று தொடங்குவாள். பச்சைக்கதவுக்காரி எங்கிருந்தாலும் பாய்ந்து வந்து, "விருந்துக்குக் கூப்பிட்டாலும் உங்க வீட்டுல என்ன கிடைக்கும், அந்தக் கொக்கு நடையத்தான் பாத்துட்டு வரணும்" என்பாள். ஜாடையெல்லாம் போய், நேருக்கு நேர் சண்டை. இருமல் ஓயும்வரை ஓயமாட்டார்கள். பெரிய இருமல் வந்த நாட்களில் மூதாதையர் வரைக்கும் போக வேண்டியிருந்தது.

தெரு ரசித்தது. ரொட்டிக் கடைக்காரர் வரிசையில் நின்றவர்களுக்குச் சண்டையின் நல்ல பகுதிகளை நடித்துக் காட்டினார். எல்லோரையும்விட மகிழ்ந்தவர் ஸ்டேஷன் மாஸ்டர். சாப்பிட உட்கார்ந்ததும், "இன்னிக்கு அந்தச் சாக்கடை விஷயத்துல நீ சொன்னது சரி. ஆனா அவ எதிர்த்துப் பேசினப்ப நீ கொஞ்சம் தயங்கினே. தயங்கக் கூடாது" என்று யோசனை சொல்வார். மகன் போன பிறகு அந்த மனிதர் சாப்பாட்டு மேஜையில் வாயைத் திறந்தது இதற்காகத்தான். மருமகள் தலை குனிந்து ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருப்பாள்.

தவறு அங்கேதான் நடந்தது. சண்டையை அளவோடு போட்டிருக்க வேண்டும். இரண்டு பேரும் நன்றாகப் போட்டுவிட்டார்கள்.

ஒரு காலையில் ஸ்டேஷன் மாஸ்டர் கோட்டைக் கேட்டார். தேய்த்து வைத்திருந்த கோட்டை மருமகள் எடுத்து வந்தாள். அவர் கைக்குட்டை ஒன்றை மேஜைமேல் விரித்தார். அதில் ஈரமான மரச் சீவல் கொஞ்சம் இருந்தது. சுருள் சுருளாக, புதிதாக, வெள்ளையாக.

"ரெண்டு வீட்டுக்கும் நடுவுல போற சாக்கடையில கிடந்தது. அந்த வீட்டுல தச்சு வேலை பண்றவன் யாரு இப்ப?"

சும்மா கிடக்க முடியாமல் தச்சன் கரண்டி செதுக்குகிறான் என்று பச்சைக்கதவுக்காரி போன வாரமே சொல்லியிருந்தாள். சீவலை அடுப்பில் போடு என்று மருமகளும் சொல்லியிருந்தாள். எங்கேயோ கொஞ்சம் தவறிவிட்டது.

"ராணுவ ஆபீசுக்குப் போறேன். சொல்ல வேண்டியத சொல்லிட்டு வரேன்" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர், கோட்டின் ஒரு கையை மாட்டிக்கொண்டே. "நாட்டுக்காக மட்டும் இல்லம்மா. உன்னை அந்த வாய் என்னவெல்லாம் பேசிச்சு! கேட்டுக்கிட்டு இருக்க நான் என்ன செத்தா போயிட்டேன்? இந்த வீட்டு மருமகளைப் பேசினா என்ன ஆகும்னு அவங்களுக்குத் தெரியணும்."

தனக்காகத்தான் போகிறார். அது தெரிந்ததும் அவளுக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. ஆனால் மாமனார் நிற்கும்போது உட்கார்ந்து பழக்கமில்லை. கோட்டின் இன்னொரு கையை அவள் விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, நீங்க போறதா இருந்தா நானும் வரேன்."

"நீ எதுக்கு?"

"எனக்கும் தெரியும்னு சொல்றதுக்கு. அவரு வந்த மறுநாளே எனக்குத் தெரியும். இருமல் வெளிய கேக்கக் கூடாதுன்னுதான் நான் சண்டை போட்டேன். அவ திட்டினதுல பாதி நான் சொல்லிக் குடுத்தது."

ஸ்டேஷன் மாஸ்டர் அவளையே பார்த்தார். "கொக்கு நடை?"

"அதுவும் எனக்கு முன்னாடியே தெரியும் மாமா."

அவர் அரைக் கோட்டோடு நின்றார். "என் பிள்ளை அங்க நிக்கறான். அவன் மட்டும் ஓடி வந்து இங்க கரண்டி சீவுவானா?"

"உங்க பிள்ளை நாளைக்கு இப்படி நடந்து வந்து நின்னா?"

"என் பிள்ளை வரமாட்டான்."

சொன்ன பிறகு அந்த வார்த்தை அவருக்கே பிடிக்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மருமகள் குரலை உயர்த்தாமல், சொல்ல வேண்டியதைச் சொன்னாள்:

"அவ என் சிநேகிதி மாமா. மேடையில நிக்க வேண்டிய நான் நிக்காம இருக்கேன்னா அது அவளாலதான். இந்த வீட்டுல பொய் சொல்லிப் பழக்கம் இல்ல. ஆபீசுல என்னைக் கேட்டா, தெரியும்னுதான் சொல்வேன். அவங்களோட என்னையும் கூட்டிக்கிட்டுப் போவாங்க. தெரு பாக்கும். நீங்க முடிவு பண்ணுங்க."

ஸ்டேஷன் மாஸ்டர் நெடுநேரம் முடிவு பண்ணினார். அவருக்கு முன்னால் தேசம் ஒரு பக்கமும் குடும்ப மானம் ஒரு பக்கமும் நின்றன. தேசம் அவரை அவ்வளவாகக் கவனித்துக்கொண்டதில்லை. கோட்டைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். சீவலை அடுப்பில் போட்டார்.

"நான் எதுவும் பாக்கல. ஆனா இன்னியிலருந்து அந்த வீட்டோட உனக்கு ஒரு பேச்சும் இருக்கக் கூடாது. சண்டையும் கூடாது. வார்த்தை குடு."

அவள் கொடுத்தாள். இரும்புக்கதவு வீட்டில் வார்த்தை கொடுத்தால் கொடுத்ததுதான். ஆளும் பிழைத்தான், மானமும் பிழைத்தது. நட்பு ஒன்றுதான் போயிற்று. பேரம் மலிவு என்று யாரும் சொல்லியிருப்பார்கள்.

மறுநாள் அவள் கொட்டகையில் வேறு மெஷின் கேட்டு வாங்கிக்கொண்டாள். பச்சைக்கதவுக்காரி ஒன்றும் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்துகொண்டு பார்க்காமல் இருந்தாள். புது ஜோடிக்காரி நல்லவள். இழுப்பில் ஒரு தப்பும் இல்லை. மருமகளின் ஊசிதான் தினமும் உடைந்தது. கொல்லையில் இருமல் கேட்கும். அவள் வாளியைக் கையில் பிடித்தபடி உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பாள். அந்தப் பக்கம் ஒருத்தி தனியாகத் தட்டு முட்டுச் சாமான்களைக் கீழே போட்டுச் சத்தம் உண்டாக்கிப் பார்ப்பாள். தட்டுக்குச் சண்டை போடத் தெரியவில்லை.

சண்டை நின்றதைத் தெரு பொறுத்துக்கொள்ளவில்லை. ரொட்டிக் கடைக்காரர் ஸ்டேஷன் மாஸ்டரிடமே கேட்டுவிட்டார்: "என்ன சார், ரெண்டு வீடும் ராசியாயிட்டீங்களாமே? கல்யாணச் சாப்பாடு எப்ப?" வரிசையே சிரித்தது. ஸ்டேஷன் மாஸ்டர் வாங்கிய ரொட்டியை வைத்துவிட்டு வந்துவிட்டார். மருமகள் போய் எடுத்து வந்தாள். அந்தக் கடைக்காரரே இன்னொன்றும் சொன்னாராம்: "அங்க யாரோ இருமற சத்தம் கேக்குதுன்னு சொல்றாங்க. முன்னெல்லாம் சண்டையில ஒண்ணும் கேக்காது."

ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் ராணுவத்தார் தெருவுக்கு வந்தார்கள். ஒரு சார்ஜெண்டும் சில சிப்பாய்களும். ஒவ்வொரு வீடாக ஏறி, ஓடிவந்தவர்கள் யாரையாவது பார்த்தீர்களா என்று கேட்டார்கள். சந்தேகம் வந்தால் உள்ளே புகுந்து தேடினார்கள். மருமகள் கொல்லையில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். ஸ்டேஷன் மாஸ்டர் அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பச்சைக்கதவு வீட்டின் வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. கதவைத் தட்டினார்கள். சரியாக அப்போது, சுவருக்கு அந்தப் பக்கம், அடுப்படிக்குப் பின்னாலிருந்து இருமல் தொடங்கியது. வாயைப் பொத்திக்கொண்டு இருமுகிறான்; பொத்தப் பொத்தப் பெரிதாகிறது.

மருமகளின் வாய் திறந்தது. மூடிக்கொண்டது. வார்த்தை கொடுத்திருக்கிறாள். அவள் மாமனாரைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். பிழிந்த துணியிலிருந்து தண்ணீர் அவள் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

ஸ்டேஷன் மாஸ்டர் எழுந்தார். சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டார். சுவரை நோக்கி அந்தக் கொக்கு நடையில் நடந்து போனார். பிளாட்பாரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கேட்கும்படி பழக்கப்பட்ட குரலில், தலைமுறைக்குப் பிறகு முதல் தடவையாக, அந்த வீட்டைப் பார்த்துப் பேசினார்:

"ஏய்! சாக்கடையை அடைக்கிறதுக்கு உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தது? இது தொடர்பா முன்னறிவிப்பு எதுவும் வரல! உடனடியா சரி பண்ணலன்னா மேல் நடவடிக்கை எடுக்கப்படும்!"

சண்டை போடத் தெரியாதவர் என்பது முதல் வாக்கியத்திலேயே தெரிந்தது. அப்புறம் பச்சைக்கதவுக்காரி வாசலை விட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடிவரும் சத்தம் கேட்டது.

"வாங்க பெரியவரே! மருமகளுக்கு வாய் வலிச்சுப்போச்சுன்னு மாமனார் வந்துட்டாரா? ரிட்டையர் ஆகி எத்தனை காலமாச்சு, இன்னும் யாருக்குக் கொடி காட்டறீங்க? உங்க கொடிக்கு ரயிலே நின்னதில்லயாம், நானா நிப்பேன்?"

"ரயில் நின்னதில்லயா? யாரு சொன்னது? ஆதாரம் இருக்கா? ஒரு ரயில்கூட என் சிக்னலைத் தாண்டினதில்ல!" ஸ்டேஷன் மாஸ்டருக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. அதன் பிறகு குரலுக்குக் குறைவே இல்லை. பணிக்காலத்தில் வந்த ரயில்களையெல்லாம் ஒவ்வொன்றாக நிறுத்திக் காட்டினார். அவள் ஒவ்வொன்றையும் தடம் புரட்டினாள். இருமல் என்று ஒன்று அந்தத் தெருவில் இருந்ததாகவே யாருக்கும் தெரியவில்லை.

ஆளில்லாத வாசலில் நின்ற சார்ஜெண்ட், வேடிக்கை பார்க்க வந்து நின்ற ரொட்டிக் கடைக்காரரைப் பார்த்து என்ன இது என்று கேட்டார். "ஆரம்பிச்சுட்டாங்களா? அப்பாடா" என்றார் கடைக்காரர். "பரம்பரைச் சண்டை சார். இந்த வீட்டுல ஒரு ஈ ஒளிஞ்சிருந்தாலும் பெரியவரே பிடிச்சுக் குடுத்திருப்பாரு. உள்ள போனீங்கன்னா நடுவுல மாட்டிக்குவீங்க." சார்ஜெண்டுக்கு வீட்டில் மாமியார் இருந்திருக்க வேண்டும். சிப்பாய்களை அடுத்த வீட்டுக்குத் திருப்பினார்.

பூட்ஸ் சத்தம் தெருமுனை தாண்டிய பிறகும் சண்டை நிற்கவில்லை. மருமகள் போய் மாமனாரின் சட்டைக் கையை மெல்ல இழுக்க வேண்டியிருந்தது. அவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. அவள் தண்ணீர் கொடுத்தாள். முழுக்கக் குடித்துவிட்டு டம்ளரைத் தரையில் வைத்தார்.

"ரயில் நின்னதில்லன்னு சொல்லிட்டா."

"ஆமா மாமா."

"பதில் சொல்லறதுக்குள்ள நீ இழுத்துட்டே."

"போயிட்டாங்க மாமா. அதான்."

அவர் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிக்கொண்டார்.

"நாளைக்கு வேலைக்குப் போனதும் பழைய மெஷினுக்கே மாத்திக் குடுக்கச் சொல்லு. அந்தப் பொண்ணுகிட்ட, என் சிக்னலைப் பத்தித் தெரியாம பேசக் கூடாதுன்னு சொல்லு. விவரமா சொல்லு."

"அவளோட பேசக் கூடாதுன்னு வார்த்தை குடுத்திருக்கேனே மாமா."

"உன்னை யாரு பேசச் சொன்னா?" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர், எழுந்து உள்ளே போய்க்கொண்டே. "போய் சண்டை போடச் சொல்றேன்."